திறமையா, அதிர்ஷ்டமா? 95 வருஷமா தப்பான இடத்தில் கேட்ட ஒரு கேள்வி

தமிழ்நாட்டில் சூதாட்டத்துக்கு எதிரான சட்டங்களின் வரலாற்றைக் கொஞ்ச நாளாகப் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். சட்டம் படித்தவன் இல்லை. சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன். சட்டப்பிரிவுகளையும் தீர்ப்புகளையும் கோட் படிக்கிற மாதிரிதான் படிக்கிறேன்: என்ன உள்ளே போகுது, என்ன வெளியே வருது, எந்த இடத்தில் உடையுது?

அப்படிப் படித்ததில் கண்ணில் பட்டது ஒன்று. 1930-லிருந்து 2025 வரைக்கும் நம் சட்டமன்றங்களும் நீதிமன்றங்களும் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்விதான்: "இந்த ஆட்டம் திறமையா, அதிர்ஷ்டமா?" ஆடுகிற மனுஷனைப் பற்றிய கேள்வி அபூர்வமாகத்தான் வந்தது. இன்றைக்கு செல்போனில் கிரிக்கெட் பெட்டிங் கட்டி அழிகிற பையன்களை இந்தச் சட்டங்கள் ஏன் காப்பாற்றவில்லை என்பதற்குப் பெரிய அளவில் பதில் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நாலு சுவருக்கு எழுதின சட்டம்

சென்னை நகரத்துக்கு 1888-ம் வருஷத்து நகரக் காவல் சட்டம் இருந்தது. நகரத்துக்கு வெளியே மாகாணம் முழுக்க வந்தது 1930-ம் வருஷத்து சென்னை சூதாட்டச் சட்டம். அப்போது கொடைக்கானல் மதுரை ஜில்லாவில் இருந்தது; திண்டுக்கல் மாவட்டம் பிறந்தது 1985-ல். ஆக, பழனி மலைக்கும் இந்த 1930 சட்டம்தான்.

அந்தச் சட்டத்தின் மையம் ஒரு வீடு. "பொதுச் சூதாட்ட இல்லம்" என்று ஒன்றை வரையறுக்கிறது. அதை நடத்தினால் குற்றம், அதற்குள் இருந்து ஆடினால் குற்றம். போலீஸ் உள்ளே நுழையலாம். சீட்டுக்கட்டு, பகடை, பணம் எல்லாவற்றையும் கைப்பற்றலாம். தெருவில் உட்கார்ந்து ஆடுகிறவனுக்கும் தனிப் பிரிவு உண்டு. கூடவே ஒரு விலக்கு: வெறும் திறமையால் ஆடப்படும் ஆட்டங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

இதை ஒரு புரோகிராம் மாதிரி வாசித்தால் இரண்டே இன்புட்தான். எந்த இடம்? எந்த ஆட்டம்? ஆடுறவன் யாரு, இந்த மாசம் எவ்வளவு தோத்தான், அது யார் காசு? இதுக்கெல்லாம் ஃபீல்டே கிடையாது. 1930-க்கு அது பெரிய குறையும் இல்லை. சூதாட ஒரு இடம் வேணும், நாலு பேர் வேணும், கையில் காசு வேணும். மூன்றும் தீர்ந்தால் எழுந்து வீட்டுக்குப் போய்த்தான் ஆகணும்.

திறமை என்கிற விலக்கு வளர்ந்த கதை

சுதந்திரத்துக்குப் பிறகு அந்த விலக்குதான் வளர்ந்தது. 1957-ல் ஆர்.எம்.டி. சமர்பாக்வாலா வழக்கு. பத்திரிகைப் பரிசுப் போட்டி நடத்தினவர்கள் தொடுத்தது. சூதாட்டம் என்பது அரசமைப்பு பாதுகாக்கும் வியாபாரம் அல்ல, ஆனால் வெற்றி பெருமளவு திறமையைப் பொறுத்திருந்தால் அது சூதாட்டம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் கோடு கிழித்தது. சட்டப் புத்தகங்களில் 1968 என்று குறிக்கப்படும் சத்யநாராயணா வழக்கில், 13 சீட்டு ரம்மிக்கு விழுந்த சீட்டை நினைவில் வைக்கும் திறமை வேணும், மூணு சீட்டு மாதிரி வெறும் அதிர்ஷ்டம் இல்லை என்று சொன்னது.

குதிரைப் பந்தயம் நம்ம ஊர்க் கதை. 1974-ல் தமிழக அரசு அதை நிறுத்தச் சட்டம் கொண்டுவந்தது. 1986-ல் மெட்ராஸ் ரேஸ் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம். டாக்டர் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயமும் திறமை சார்ந்ததுதான் என்று தீர்ப்பளித்தது. 1986 சட்டமும் செல்லாமல் போனது.

நீதிபதிகள் முன்னால் இருந்த சட்டத்துக்கு அந்தத் தீர்ப்புகள் சரியாகவே இருக்கலாம். ஆனால் பலவீனமானவனைக் காப்பாற்ற இந்த அளவுகோல் உதவுமா?

மகாபாரதச் சூதை எடுத்துக்கோங்க. சகுனி தேர்ந்த ஆட்டக்காரன். தருமனுக்கு ஆசை உண்டு, ஆட்டம் அந்த அளவுக்குத் தெரியாது. சகுனியைப் பொறுத்தவரை அது சுத்தமான திறமை ஆட்டம். ஆட்டத்தில் திறமை கூடக் கூட, திறமை இல்லாதவன் தோற்பது இன்னும் உறுதியாகிறது. அதிர்ஷ்டமாவது எப்போதாவது அவன் பக்கம் திரும்பும். "திறமை ஆட்டம், அதனால் ஆபத்தில்லை" என்கிற வாதம் அஸ்தினாபுரத்துச் சபையிலேயே செல்லாது.

திருக்குறளின் 94-ம் அதிகாரம் சூது. அதில் ஆட்டத்தை வகை பிரிக்கும் பேச்சே இல்லை. பத்துக் குறளும் ஆடுகிறவனைத்தான் பார்க்கின்றன. கிடைக்கிற வெற்றியே தூண்டிலில் மாட்டின இரை, தோற்கத் தோற்க ஆசை கூடுகிறது என்கிறார் வள்ளுவர். நம் சட்டம் கேட்காமல் விட்ட கேள்வியை அவர் கேட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

லாட்டரி கற்றுக்கொடுத்தது: வேகம்

1930 சட்டம் லாட்டரியைச் சூதாட்டத்தில் சேர்க்கவில்லை. கேரளா 1967-ல் அரசு லாட்டரி தொடங்கியது, தமிழ்நாடு 1968-ல். கலைஞர் ஆட்சியில் 1975-ல் நிறுத்தினார்கள், எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1984-ல் திரும்ப வந்தது, 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரியையும் தடை செய்தது.

நாற்பது தாண்டினவர்களுக்கு அந்தக் கடைகள் நினைவிருக்கும். கயிற்றில் கொடியாகத் தொங்கும் சீட்டுகள். குடும்பங்களை அதிகம் தின்றது மாதக் குலுக்கல் பம்பர் இல்லை. ஒத்த நம்பர் லாட்டரி. ரிசல்ட் உடனுக்குடன். காலையில் தோத்ததை மத்தியானம் பிடிக்கலாம், மத்தியானம் தோத்ததைச் சாயங்காலம்.

இதைப் புரிந்துகொண்டு எழுதின சட்டம் ஒன்று உண்டு: 1998-ம் வருஷத்து மத்திய லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம். ஒத்த நம்பருக்குப் பரிசு கூடாது; ஒரு லாட்டரிக்கு வாரத்துக்கு ஒரு குலுக்கலுக்கு மேல் கூடாது; பம்பர் வருஷத்துக்கு ஆறுக்கு மேல் கூடாது. திறமையா அதிர்ஷ்டமா என்று அது கேட்கவே இல்லை. எவ்வளவு வேகம் என்று கேட்டது. நான் படித்த வரையில், நம் நாட்டில் சூதாட்டத்துக்கு வேகத்தடை போட்ட முதல் பெரிய சட்டம் அதுதான்.

2003-க்குப் பிறகு தடை என்பதற்கு ஒரு பூகோளம் இருந்தது. கொடைக்கானல் மலையின் மேற்குக் கடைசியில் கிளாவரை. அதைத் தாண்டினால் வட்டவடை, அது கேரளா. கீழே தேனிப் பக்கம் போடிமெட்டு, குமுளி. இந்தப் பக்கம் சீட்டு விற்றால் குற்றம், அந்தப் பக்கம் அரசாங்கமே விற்கும். ஆசைப்பட்டவன் மலை தாண்டணும். அந்தத் தூரமும் பஸ் நேரமும் தடைக்குப் பாதி பலம் கொடுத்தன. செல்போன் வந்ததும் அந்தத் தூரம் பூஜ்யமாகிவிட்டது.

ஒரு மாலைக்கு 240 குலுக்கல்

ஒரு டி20 ஆட்டத்தில் 40 ஓவர், 240 பந்து. ஆட்டம் நடக்கும்போதே கட்டும் பெட்டிங்கில் ஒவ்வொரு பந்தும் ஒரு குலுக்கல். 1998 சட்டம் லாட்டரிக்கு வாரம் ஒன்று என்றது. இங்கே மூன்றரை மணி நேரத்தில் 240. ஐபிஎல் சீசனுக்கு 74 ஆட்டம்.

ஒரு சின்னக் கணக்கு, உதாரணத்துக்கு மட்டும். வாரம் ஒரு பத்து ரூபாய் லாட்டரி. வசூலில் பாதிதான் பரிசாகத் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ரொம்ப மோசமான ஆட்டம்தான். சராசரி நஷ்டம் வாரத்துக்கு 5 ரூபாய். இப்போ பெட்டிங். புக்கி நூற்றுக்கு ஐந்துதான் எடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். லாட்டரியை விட எவ்வளவோ நியாயம். பந்துக்குப் பத்து ரூபாய் கட்டினால் ஒரு மாலையில் 2,400 ரூபாய் சுற்றுகிறது. சராசரி நஷ்டம் 120 ரூபாய், ஒரே மாலையில். நியாயமான ஆட்டம், அநியாயமான வேகம். மனுஷனைச் சாய்ப்பது இரண்டாவது.

வேகத்துக்கு மேல் மூன்று விஷயம் இருக்கிறது. போனில் ஆப் செய்கிற எங்கள் தொழிலுக்கு இதெல்லாம் அன்றாடம். ஒன்று, பணம் போடுவது பத்து நொடி, எடுப்பது பல படி. இரண்டு, நோட்டிஃபிகேஷன்: ரெண்டு நாள் உள்ளே வராதவனை போனஸ் காட்டிக் கூப்பிடுவது. ஷாப்பிங் ஆப் செய்கிற அதே வேலைதான். பொருள் மட்டும் வேற. மூன்று, கடன் ஆப். தோற்ற அதே போனில், அதே ராத்திரி, அஞ்சு நிமிஷத்தில் கடன் கிடைக்கிறது. 1930-ல் காசு தீர்ந்தவன் எழுந்து போகணும் என்று சொன்னேன் இல்லையா, அந்த எழுந்து போதல் இப்போது இல்லை.

கொடைக்கானலுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. மலையில் காசு புழங்குவது ஏப்ரல், மே சீசனில். டாக்ஸி ஓட்டுறவங்க, ரூம் புரோக்கர்கள், ஹோம்ஸ்டே பசங்க, குதிரைக்காரங்க எல்லாருக்கும் வருஷத்து வருமானத்தில் பெரும் பங்கு அந்த ரெண்டு மாசம்தான். ஐபிஎல்லும் அதே ரெண்டு மாசம். கையில் காசு வரும்போதே ஆட்டமும் வருகிறது. ஜூன் மழைக்கு வைக்க வேண்டிய காசு மே முடியும் முன்னாலேயே போய்விடுகிறது.

பெருமாள்மலைப் பக்கத்து டிரைவர் ஒருவரை எனக்குப் பல வருஷப் பழக்கம். ரெண்டு சீசன் காசும், வீட்டம்மா நகைக்கடனும் இந்த வழியில் போனது. முதலில் ஃபேன்டஸி டீம், அப்புறம் ரம்மி, கடைசியில் வாட்ஸ்அப்பில் ஐடி வாங்கி நேரடி பெட்டிங். தொடக்கத்தில் நான் கேட்டபோது அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது:

"அண்ணே, இது சூதாட்டம் இல்லண்ணே. திறமைன்னு கோர்ட்டே சொல்லிருச்சு. விளம்பரத்துலயே வருது, பாருங்க."

பொய் சொல்லவில்லை. ஃபேன்டஸி கிரிக்கெட் திறமை ஆட்டம் என்று 2017-ல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. கம்பெனிகளின் உரிமைக்காக எழுதப்பட்ட ஒரு சட்ட வார்த்தை, மலையில் ஒரு டிரைவருக்குத் தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொள்ளும் வார்த்தையாகக் கைமாறியிருந்தது. தோற்கும்போதும் அதேதான்: "இன்னும் கத்துக்கணும்ண்ணே." அதிர்ஷ்ட ஆட்டம் என்று நம்பியிருந்தால் ஒருவேளை நிறுத்தியிருப்பார். திறமை என்று நம்பியதால் விடாமல் பயிற்சி எடுத்தார்.

ஆடுகிறவனைப் பார்த்த முதல் விதிகள்

2013 ஐபிஎல் சூதாட்ட விவகாரம், அதைத் தொடர்ந்து 2015-ல் சென்னை, ராஜஸ்தான் அணிகளுக்கு ரெண்டு வருஷத் தடை. இதன் தொடர்ச்சியாகக் கேள்வி சட்ட ஆணையத்துக்குப் போய், 2018 ஜூலையில் 276-வது அறிக்கை வந்தது. முழுத் தடைதான் நல்லது; முடியாவிட்டால் ஒழுங்குபடுத்துங்கள் என்பது அதன் சாரம். எத்தனை முறை ஆடலாம் என்பதற்கு உச்சவரம்பு, ஆதார்-பான் இணைப்பு, ரொக்கம் கூடாது, சிறார்களும் அரசு மானியம் பெறுகிறவர்களும் ஆடக் கூடாது, வருமானம் குறைந்தவர்களுக்குச் சிறிய தொகை மட்டும். மானியக்காரர் விலக்கு எனக்கு உடன்பாடில்லை. ரேஷன் கார்டை வைத்து யாருக்கு என்ன ஆசை வரலாம் என்று முடிவு செய்ய முடியாது. ஆனாலும் அந்த அறிக்கை ஆடுகிறவனைப் பார்த்தது. பிறகு அலமாரிக்குப் போனது.

தமிழ்நாட்டில் 2020 ஜூலையில், திண்டுக்கல் மாவட்டமும் அடங்கிய உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, ஆன்லைன் ஆட்டங்களை ஒழுங்குபடுத்த வேண்டும் என்றது. நவம்பரில் அவசரச் சட்டம், அடுத்த பிப்ரவரியில் சட்டம், 2021 ஆகஸ்ட் 3-ல் அது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு. காரணம், மறுபடி அதே கேள்வி: திறமை ஆட்டத்தையும் சேர்த்துத் தடுத்துவிட்டீர்கள். 2022-ல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு, பிறகு புதிய மசோதா, 2023 மார்ச்சில் ஆளுநர் திருப்பி அனுப்பியது, பேரவை மறுபடி நிறைவேற்றி ஏப்ரலில் ஒப்புதல். அந்த நவம்பரில் உயர் நீதிமன்றம்: சட்டம் இருக்கலாம், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம், அவற்றுக்குத் தடை பொருந்தாது, வேண்டுமானால் நேரம், வயது மாதிரி விஷயங்களில் ஒழுங்குபடுத்தலாம்.

அந்த இடைவெளியில்தான் நல்லது ஒன்று நடந்தது. 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையம், பணம் வைத்து ஆடும் ஆட்டங்களுக்கு விதிகள் வெளியிட்டது. 18 வயதுக்குக் கீழ் கூடாது. ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை உள்ளே நுழையவே முடியாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் அரை மணிக்கு ஒரு முறை எச்சரிக்கை. நாள், வார, மாத அளவில் பணத்துக்கு வரம்பு. 2025 ஜூன் 3-ல் சென்னை உயர் நீதிமன்றம் இந்த விதிகள் செல்லும் என்றது.

12 முதல் 5 என்கிற ஒரு வரி எனக்கு முக்கியமாகப்படுகிறது. தோற்றதைத் துரத்துகிற நேரம் அது. வீட்டில் எல்லாரும் தூங்கின பிறகு, தடுக்க ஆளில்லாத அஞ்சு மணி நேரம். அந்த விதியை எழுதினவர் யாரோ ஆடுகிறவனை நினைத்துத்தான் எழுதியிருக்கிறார்.

ஒரு முரணையும் கவனிக்கணும். இந்த விதிகள் சட்டப்படி நடந்த ரம்மி மாதிரி ஆட்டங்களுக்கு மட்டும். கிரிக்கெட் பெட்டிங் ஏற்கெனவே தடை. அதனால் அதற்கு விதியே இல்லை. ரம்மி ஆடியவனுக்கு ராத்திரி அஞ்சு மணி நேர ஓய்வு கிடைத்தது. வாட்ஸ்அப் ஐடியில் பெட்டிங் கட்டியவனுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

கேள்வி போச்சு, பாதுகாப்பு?

2025 ஆகஸ்ட் 20, 21-ல் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்தை நிறைவேற்றின. 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல். திறமையோ, அதிர்ஷ்டமோ, ரெண்டும் கலந்ததோ, பணம் வைத்தால் தடை. 95 வருஷக் கேள்வி ஒரே வரியில் காலி. நடத்துகிறவருக்கு 3 வருஷம் வரை சிறை, 1 கோடி வரை அபராதம். விளம்பரத்துக்கும் பணப் பரிமாற்றத்துக்கும் தண்டனை. ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. பெரிய கம்பெனிகள் உடனே கடையைச் சாத்தின. டிவியைத் திறந்தால் நடிகரும் கிரிக்கெட் வீரரும் கூப்பிட்ட அந்த விளம்பரங்கள் நின்றதே பெரிய லாபம் என்பேன்.

ஆனால் வெளிநாட்டு சர்வர் பெட்டிங்கை இந்தத் தடை தொடுமா? 2023 நவம்பரில் மகாதேவ் உட்பட 22 ஆப், தளங்களை மத்திய அரசு முடக்கியது. ஒரு முகவரியை முடக்கினால் இன்னொன்று திறப்பது, தொழில்நுட்பம் தெரிந்தவருக்கு ஒரு மணி நேர வேலை. பணம் போவது வாடகைக்கு எடுத்த யார் யாரோ பெயரிலுள்ள வங்கிக் கணக்குகளுக்கு. அங்கே 12 மணிக்கு மூடுகிற கதவும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை.

தடை வேணுமா, உரிமம் வேணுமா என்று ரெண்டு பக்கமும் நிற்கலாம். பிரிட்டன் உரிமம் கொடுக்கிற நாடு. அங்கே 2020-லிருந்து கிரெடிட் கார்டில் சூதாட முடியாது. 'கேம்ஸ்டாப்' என்கிற ஒரே இடத்தில் "என்னை உள்ளே விடாதீங்க" என்று பதிந்தால், உரிமம் பெற்ற ஆன்லைன் நிறுவனங்கள் அத்தனையும் கதவைச் சாத்த வேண்டும். பல வங்கிகள் தங்கள் ஆப்பிலேயே சூதாட்டப் பணத்தைத் தடுக்கும் ஒரு பட்டன் வைத்திருக்கின்றன.

இவற்றில் பாதி, தடை இருக்கும் நாட்டிலும் சாத்தியம். தானாக முன்வந்து தன் யுபிஐக்கு ராத்திரிப் பூட்டு போட்டுக்கொள்ளும் வசதி, ஒரு நாளில் முன்பின் தெரியாத கணக்குகளுக்குப் போகும் பணத்துக்கு அவரே வைக்கும் வரம்பு, அதை நீக்க 24 மணி நேரக் காத்திருப்பு, ராத்திரி நேரக் கடனுக்கு மறுநாள் காலை வரை தாமதம். இதில் எதற்கும் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை. ஆட்டம் சட்டப்படியா, திருட்டுத்தனமா என்றும் பார்க்க வேண்டாம், ஏன்னா பூட்டு போடுவது ஆட்டத்துக்கு இல்லை, ஆடுகிறவனின் பணப்பைக்கு, அதுவும் அவன் கையாலேயே.

தமிழ்நாட்டு விதிகள் ஆறே மாதத்தில் பேச்சிலிருந்து மறைந்துவிட்டதில் எனக்குக் கவலை இருக்கிறது. சட்டம் வெல்லலாம், தோற்கலாம். ஆனால் எவ்வளவு வேகம், எந்த நேரம், யார் காசு என்று அந்த விதிகள் கேட்க ஆரம்பித்த மூன்று கேள்விகளையும் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. அடுத்த சீசனுக்குள் அவை மறுபடி மேசைக்கு வந்தால் நல்லது.

இதைப் படிக்கிறவர் வீட்டில் யாராவது இதில் மாட்டியிருந்தால், ஒரு விஷயம்: ஆடினதற்காக இந்த மத்தியச் சட்டத்தில் அவருக்குத் தண்டனை கிடையாது, அதனால் பயந்து மறைக்கத் தேவையில்லை. டெலி மானஸ் எண் 14416. இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.